எண்ணெய் ஒழுகாத ஷாக் அப்சார்பர்

என் மருமகளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று பதினைந்து பேர் முன்னால் நான் சொன்னேன். யாரும் தூண்டிவிட்டுச் சொல்லவில்லை. என் வாய்தான் சொன்னது. அந்தப் பதினைந்து பேரில் சிலர் இன்னும் அதையே பேசித் திரிவதாகக் காதில் விழுகிறது. அதனால் நடந்ததை நானே எழுதி வைக்கிறேன். இதற்குப் பிறகும் அவளைப் பற்றிப் பேச வேண்டுமென்று நாக்கு அரிக்கிறவன் நேராக என்னிடம் வந்து பேசட்டும்.

எங்கள் தொழில் கண்ணாடி. ஜன்னலுக்கும் கதவுக்கும் கடை முகப்புக்கும் அளவெடுத்து, வெட்டி, கொண்டுபோய் இறக்கிக் கொடுப்போம். வெட்டுவது என் மகன். கடையில் உட்கார்ந்து ஆட்களோடு பேசுவது என் தம்பி. வண்டி முப்பது வருஷம் என் கையில் இருந்தது. முழங்கால் மடங்க மறுத்த பிறகு, இரண்டு வருஷமாக மருமகள் ஓட்டுகிறாள். அவள் லாரிக்காரர் மகள். என் மகனைவிட நன்றாக ஓட்டுவாள் என்று தெரிந்துதான் சாவியைக் கொடுத்தேன்.

பிக்கப் வண்டியின் பின்பக்கம் வீட்டுக் கூரைபோல இருபுறமும் சரிந்த ஓர் இரும்புச் சட்டம் இருக்கிறது. கண்ணாடிகளை நிமிர்த்தி அதில் சாய்த்து, இடையிடையே ரப்பரும் கம்பளியும் கொடுத்து, நாடாப் பட்டையால் இறுக்கிக் கட்டுவோம். நான் ஓட்டிய காலத்தில் வழியில் ஒரு கண்ணாடி கீறல் விட்டதில்லை. "அவங்க வீட்டு வண்டில ஏத்தினா ஏத்தினபடி இறங்கும்" என்று மற்றக் கடைக்காரர்களே சொல்வார்கள். அந்தப் பேரைச் சம்பாதிக்க முப்பது வருஷம் ஆயிற்று.

பிறகு நாலு மாதத்தில் ஏழு கண்ணாடி போயிற்று.

முதலில் ஒரு குளியலறைக் கண்ணாடியின் மூலை. அடுத்து ஒரு கடையின் காட்சி அலமாரிப் பலகைகள், இரண்டு. என் தம்பி ஒவ்வொரு தடவையும் என்னிடம் வந்து நின்று, "அண்ணே, நான் ஒண்ணும் சொல்லல" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்வான். அவனுடைய மச்சான் ஒருவன் வேலையில்லாமல் இருந்தான். ஓட்டுநர் இருக்கை காலியாக வேண்டும் என்பதில் தம்பிக்கு இருந்த அக்கறை எனக்கு அப்போது புரியவில்லை. புரிந்திருக்க வேண்டும்.

மருமகள் என்னிடம் மூன்று தடவை சொன்னாள்.

முதல் தடவை, கம்பளித் துண்டுகளை உதறி மடித்துக்கொண்டே சொன்னாள். "மாமா, பின்னாடி ஷாக் அப்சார்பர் ரெண்டும் போயிடுச்சு. வேகத்தடை ஏறி இறங்கினா வண்டி நாலு தடவ குதிச்சுட்டுத்தான் நிக்குது. பட்டைல கட்டியிருந்தாலும் கண்ணாடி ஒண்ணோட ஒண்ணு மோதுது."

"எண்ணெய் ஒழுகுதா?"

"குனிஞ்சு பாத்தேன். காஞ்சுதான் இருக்கு."

"அப்ப ஷாக் நல்லாத்தான் இருக்கு. நீ வேகத்தக் கொற."

இது எங்கள் வீட்டில் நான் வைத்த சட்டம். ஷாக் அப்சார்பருக்குள் இருப்பது எண்ணெய். வண்டி குதிக்கும்போது அந்தக் குதிப்பை அடக்குவது அந்த எண்ணெய்தான். அது வெளியே வந்தால் ஷாக் செத்தது என்று அர்த்தம். வராதவரை அது உயிரோடு இருக்கிறது. பழைய வண்டியில் இருபது வருஷம் இந்தச் சட்டத்தை வைத்துத்தான் ஓட்டினேன். ஒரு நாளும் அது என்னைக் கைவிடவில்லை.

இரண்டாம் தடவை அவள் என் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப்போய் டயரைக் காட்டினாள். "தடவிப் பாருங்க மாமா. ஒரே சீரா தேயல. மேடும் பள்ளமுமா தேஞ்சிருக்கு. டயர் ரோட்டுல உருளாம தத்தித் தத்திப் போனா இப்படித்தான் தேயும். பிரேக் புடிச்சா வண்டியோட மூக்கு வேற கீழ போய்க் குத்துது."

தடவிப் பார்த்தேன். பள்ளங்கள் விரலில் தட்டுப்பட்டன. "காத்து கூடக் கொறைய இருந்திருக்கும்" என்றேன்.

மூன்றாம் தடவை, "பின் மூலையை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுப் பாருங்க மாமா, உங்களுக்கே தெரியும்" என்றாள். தம்பி பக்கத்தில் நின்றான். "வண்டி என்ன மெத்தையா, அமுக்கிப் பாத்து வாங்குறதுக்கு?" என்றான். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

செலவுக்கு அஞ்சி நான் மறுத்ததாக யாரும் நினைக்க வேண்டாம். கேட்டிருந்தால் நாலு டயரை அன்றைக்கே வாங்கிப் போட்டிருப்பேன். என் சட்டத்தை வீட்டுக்கு வந்த பெண் ஒருத்தி திருத்துகிறாளே என்றுதான் எனக்குக் கோபம். உள்ளதைச் சொல்கிறேன்.

ஏழாவது கண்ணாடி ஓர் ஐந்து மாடிக் கட்டடத்தின் வாசலுக்குப் போக வேண்டியது. ஒன்றரை ஆள் உயரம். அந்தக் கட்டடத்துக் கண்ணாடி வேலை முழுவதும் எங்களுடையதுதான்; முன்பு உடைந்த ஆறும் அங்கே போனவைதான். இன்ஜினியர் போன் செய்து, "பெரியவரே, நீங்களே வந்து பாருங்க" என்றார். தம்பியின் ஸ்கூட்டரில் ஏறிப் போனேன். வண்டி நின்றது. கண்ணாடி இரும்புச் சட்டத்தில் கட்டியபடியே இருந்தது. மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை ஒரே கோடாக வெடிப்பு. கொத்தனார், தச்சர், மின்சார வேலைக்காரர் என்று பதினைந்து பேர் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

"ஏழாவது!" என்று இன்ஜினியர் கத்தினார். "கண்ணாடிய ஓட்டிட்டு வர்றாங்களா, உருட்டிட்டு வர்றாங்களா? உங்க பேருக்காகத்தான் பொறுத்துக்கிட்டிருக்கேன்."

உங்கள் பேர். அந்த வார்த்தை என் மண்டையில் ஏறி உட்கார்ந்தது. பேரைக் காப்பாற்ற வேண்டும், அதுவும் அந்த நிமிஷமே. அதற்கு எது கைக்குக் கிடைத்ததோ அதை எடுத்துப் போட்டேன்.

"என் மருமக கை கொஞ்சம் முரடு. வண்டியோட நெளிவு சுளிவு தெரியாது. நாளைலேருந்து அவ ஓட்ட மாட்டா. கண்ணாடி முழுசா வரும்."

அவள் நாடாப் பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கை ஒரு கணம் நின்றது. பிறகு அவிழ்த்து முடித்தாள். உடைந்த கண்ணாடியை ஆட்களோடு சேர்ந்து பத்திரமாக இறக்கினாள். வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து சாவியை மேஜைமேல் வைத்தாள். இரவுச் சாப்பாட்டின்போது என் மனைவி எனக்குக் கரண்டியால் பரிமாறிய வேகத்திலேயே எல்லாம் தெரிந்தது.

மறுநாள் தம்பியின் மச்சான் வந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, காலைப் பரப்பி உட்கார்ந்து, பாட்டைச் சத்தமாக வைத்து வண்டியை எடுத்தான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தினமும் காலையில் வண்டியைக் கழுவுவது நான். எங்கள் பேர் எழுதிய வண்டி அழுக்காக வாசல் தாண்டக் கூடாது. முன்பு வாளியும் துணியுமாகக் கழுவினேன். மூன்று வருஷத்துக்கு முன் மகன் ஒரு பிரஷர் பம்ப் வாங்கித் தந்தான். அதிலிருந்து அடிப்பக்கம், சக்கரத்தின் உள்பக்கம், இடுக்கு எல்லாம் பீய்ச்சிவிடுவேன். அடியில் படுத்துப் பார்த்தாலும் மண் இருக்காது. மச்சான் வந்த மூன்று நாளும் நான் வண்டியைக் கழுவவில்லை. அவன் உட்காரும் வண்டிக்கு நான் குனிந்து நிற்பதா?

இரண்டாம் நாள் வேறொரு வேலைக்குப் போன கண்ணாடி ஒன்று உடைந்தது. மூன்றாம் நாள் இன்னொன்று.

"ரோடு மோசம்ணே" என்றான் தம்பி. "அவன் என்ன பண்ணுவான் பாவம்."

"அவ ஓட்டினப்பவும் அதே ரோடுதானேடா?"

"அது வேறண்ணே."

"என்னடா வேற? அவளுக்குத் தனியா யாராவது ரோடு போட்டு வெச்சிருந்தாங்களா?"

இரவு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கையில் உடைந்தால் கை முரடு. இவன் கையில் உடைந்தால் ரோடு மோசம். இந்தத் தராசை யார் வீட்டில் செய்தார்கள்? என் வீட்டில். யார் முதலில் நிறுத்தார்கள்? நான்.

நாலாம் நாள் விடிந்ததும் வண்டிக்குப் போனேன். முழங்கால் என்னவோ ஆகட்டும் என்று தரையில் ஒரு சாக்கைப் போட்டுப் படுத்து அடியில் பார்த்தேன். பின்பக்கத்து இடது ஷாக் அப்சார்பரின் கீழ்ப்பாதி முழுவதும் புழுதி அப்பியிருந்தது. மற்ற இடத்துப் புழுதி உலர்ந்து பொடியாக இருந்தது. இது மட்டும் களிம்பாக ஒட்டியிருந்தது. விரலால் வழித்து முகர்ந்தேன். எண்ணெய். வலது பக்கமும் அப்படியே.

சற்று நேரம் எழுந்திருக்காமல் அங்கேயே கிடந்தேன். வாளியால் கழுவிய காலத்தில் தண்ணீர் அடிக்குப் போகாது. எண்ணெய் கசிந்தால் கசிந்தபடி தெரியும். என் சட்டம் அந்த வாளிக்குச் சரி. பம்ப் வந்த பிறகு தினமும் காலையில் கசிந்ததையெல்லாம் நானே பீய்ச்சித் துடைத்துவிட்டு, "பார், எண்ணெய் இல்லை" என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் பார்க்கும்போதும் அது காய்ந்து சுத்தமாகத்தானே இருக்கும்?

எழுந்து, பின் மூலையில் இரு கையையும் ஊன்றி உடம்பு எடை முழுவதும் கொடுத்து அமுக்கிவிட்டேன். வண்டி மேலே வந்தது. கீழே போனது. மறுபடி மேலே. மறுபடி கீழே. நல்ல ஷாக் என்றால் ஒரு தடவை எழும்பி அப்படியே நின்றிருக்கும். இது நின்றபாடில்லை.

முழங்கால் வலியோடு வண்டியை நானே ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். அவன் கை கழுவியதை யாரும் பார்த்ததில்லை என்பதால் எல்லாரும் அவனை 'கிரீஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு ஷாக்கையும் கழற்றினான். ஒன்றைத் தரையில் நிறுத்தி, "அமுக்குங்க பெரியவரே" என்றான். ஒரு விரலால் அமுக்கினேன். தண்டு சும்மா உள்ளே போனது, வால்வு போன சைக்கிள் பம்ப் மாதிரி. புதியது ஒன்றைக் கொடுத்தான். இரண்டு கையாலும் அழுத்தினேன். அங்குலம் அங்குலமாகத்தான் இறங்கியது.

"இது எப்பச் செத்துச்சு?"

அவன் தலையைச் சொறிந்தான். "ஆறு மாசமாவது இருக்கும். பிரேக் வேலைக்கு வந்தப்பவே பாத்தேன்."

"பாத்தியா? பாத்துட்டு ஏன்டா வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

"உங்ககிட்ட யாரு சொல்றது? எண்ணெய் ஒழுகுதான்னு ஒரே கேள்விதான் கேப்பீங்க. வண்டியோ குளிச்சு முழுகி மாப்பிள்ளை மாதிரி வருது. ஒழுகலன்னு சொல்லணும். அப்புறம் எனக்கு வேலை தெரியாதும்பீங்க. உங்க மருமக வந்து கேட்டாங்க. மாத்தணும்மான்னு சொன்னேன். மாமா சொல்லணும்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

அவனைத் திட்ட வாயைத் திறந்தேன். திட்டு வரவில்லை. வந்த கோபம் போக இடம் இல்லாமல் என் பக்கமே திரும்பியது. "நாலையும் மாத்து" என்றேன்.

"முன்னாடி ரெண்டும் இன்னும்..."

"நாலையும்டா!"

வீட்டுக்கு வந்ததும் தம்பியையும் மகனையும் கூடத்தில் உட்கார வைத்து நடந்ததைச் சொன்னேன். மகன் தலையைக் குனிந்துகொண்டான். இத்தனை நாள் மனைவிக்காக ஒரு வார்த்தை பேசாத வாய்க்கு அன்று மட்டும் என்ன வந்துவிடும்?

தம்பி சொன்னான்: "சரிண்ணே, மாத்தியாச்சில்ல. விடு. அவளே ஓட்டட்டும். இதைப் போய் வெளியில சொல்லிக்கிட்டு? வீட்டுப் பெரியவர் தப்பு பண்ணிட்டாருன்னா நம்ம மரியாதை என்னாவுறது?"

"அவ மரியாதைய எடுத்துத்தானேடா நம்ம மரியாதைக்கு ஒட்டுப் போட்டேன். ஒட்டுப் போட்ட மரியாதை எனக்கு வேண்டாம். உன் மச்சான்கிட்ட வேற எடம் பாத்துக்கச் சொல்லு."

மருமகள் பின்கட்டில் கம்பளியைத் துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டிருந்தாள். வண்டி அவளிடம் இல்லாவிட்டாலும் அந்த வேலையை விடவில்லை. நான் சொன்னதைக் கத்தரியை நிறுத்தாமல் கேட்டாள்.

"எனக்குத் தெரியும் மாமா" என்றாள். "கிரீஸ் அண்ணன் போன் பண்ணிட்டாரு."

"நாளைக்கு நீ வண்டிய எடு."

"நாளான்னைக்கு நான் தண்ணி கேன் கம்பெனிக்குப் போறேன். அங்க ஓட்டுறதுக்கு ஆள் கேட்டிருந்தாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்க வீட்டு மருமக இன்னொருத்தன் வண்டிய ஓட்டுறதா?"

கத்தரி நின்றது. "அங்கயும் சுலபமா எடுத்துக்கல. அந்த மொதலாளி என்ன கேட்டாரு தெரியுமா? 'உங்க மாமனாரே உங்களுக்கு ஓட்டத் தெரியாதுன்னு சொன்னாராமே'ன்னு கேட்டாரு. ஒரு வாரம் ஓட்டிக் காட்டினா யோசிப்பாராம். எட்டு வயசுலேருந்து எங்கப்பா பக்கத்துல உக்காந்து ஸ்டீயரிங் பாத்தவ நான். ஒரு வாரம் ஓட்டிக் காட்டணும்."

"தப்புதாம்மா. அதான் இப்ப வந்து சொல்றேனே."

"வீட்டுக்குள்ள சொன்னா எப்படி மாமா? நீங்க வெளியிலல்ல சொன்னீங்க."

என்னிடம் இந்த வீட்டில் யாரும் அப்படிப் பேசியது கிடையாது. உச்சந்தலை கொதித்தது. ஆனால் கொதித்துக்கொண்டே யோசித்தபோது, அவள் கேட்டதில் ஓர் எழுத்தைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. சந்தையில் தொலைத்ததைக் கூடத்தில் திருப்பிக் கொடுக்க முடியாது.

"சரி, அங்கயே வந்து சொல்றேன்."

"இன்னொண்ணு. ஷாக் எப்ப மாத்தணும்னு இனிமே நான்தான் முடிவு பண்ணுவேன். எண்ணெய் இருக்கோ இல்லையோ. நாப்பதாயிரம் கிலோமீட்டர் ஆனா அமுக்கிப் பாப்பேன், டயரத் தடவிப் பாப்பேன். சந்தேகம் வந்தா ஜோடியா மாத்துவேன். உங்ககிட்ட கேக்க மாட்டேன்."

"கேக்காத" என்றேன். அதை நான் அன்பாகச் சொல்லவில்லை.

மறுநாள் காலை வாசல் கண்ணாடிக்கு மாற்றாக வெட்டியதை ஏற்றிக்கொண்டு போனோம். அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில். வழியில் ஆறு வேகத்தடைகள். ஒவ்வொன்றிலும் வண்டி ஏறி, இறங்கி, ஒரே மூச்சில் அடங்கி நின்றது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

இன்ஜினியர் கண்ணாடியைச் சுற்றிப் பார்த்தார். "முழுசா வந்துடுச்சு! அவ்வளவுதான் வேணும் பெரியவரே."

"எனக்கு அவ்வளவு போதாது. அன்னைக்கு இங்க நின்ன எல்லாரையும் கூப்பிடுங்க."

"எதுக்கு? வேலை நடக்குது..."

"அன்னைக்கும் வேலை நடந்துச்சு. என் மருமகள நான் பேசினப்ப அத்தனை பேரும் கைய நிறுத்திட்டுத்தானே வேடிக்க பாத்தாங்க? இன்னைக்கும் நிறுத்தட்டும்."

என் குரல் அப்படி உயர்ந்துவிட்டது. இரண்டாம் மாடியிலிருந்துகூட இறங்கி வந்தார்கள். மேலேயே நின்ற ஒருவனை, "நீயும்தான், இறங்கு" என்று இறக்கினேன்.

"கண்ணாடி ஒடைஞ்சது என் மருமக கையால இல்ல" என்றேன். "வண்டியோட ஷாக் அப்சார்பர் செத்துப் போயிருந்துச்சு. அன்னைக்கு நான் சொன்னது தப்பு."

போதும் என்று நினைத்தேன். வண்டிக்குப் பக்கத்திலிருந்து, "அவ்வளவுதானா மாமா?" என்று குரல் வந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டேன். "அவ மூணு தடவ எங்கிட்டச் சொன்னா. நான்தான் கேக்கல. எண்ணெய் ஒழுகலன்னு சொல்லித் தட்டிக் கழிச்சேன். ஒழுகின எண்ணெயத் தினமும் தண்ணி அடிச்சுக் கழுவிவிட்டதும் நான்தான்."

பிறகு மேலிருந்து இறக்கப்பட்டவன், அந்தக் கோபமோ என்னவோ, கேட்டான்: "அப்ப அந்த ஏழு கண்ணாடியும் ஒடைச்சது நீங்கதானா பெரியவரே?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். இன்ஜினியரும். முப்பது வருஷத் தொழிலில் ஒரு வேலையிடத்தில் யாரும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. காது மடல் வரை சூடேறியது. திரும்பிப் போய்விடலாம் என்று கால் சொன்னது.

"ஏழு இல்ல" என்றேன். "ஒம்போது. அப்புறம் இன்னும் ரெண்டு ஒடைஞ்சுது. அதையும் சேத்துக்க."

சிரிப்பு நின்றது.

அவள் என் அருகே வந்து போனை நீட்டினாள். "தண்ணி கேன் மொதலாளி லைன்ல இருக்காரு. அவர்கிட்டயும் சொல்லிடுங்க."

முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன், ஒன்பது வரைக்கும். அந்த மனுஷன் ஊம் கொட்டிக் கேட்டுவிட்டு, "அப்ப நாளைக்கு வேலைக்கு அனுப்புறீங்களா?" என்றார்.

"அத எங்கிட்டக் கேக்காதீங்க" என்று சொல்லிப் போனை அவளிடம் கொடுத்தேன்.

"இந்த மாசம் வரல சார்" என்றாள் அவள். "அப்புறம் பாக்கலாம்."

இந்த மாசம். வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னாள், நான் பக்கத்தில் நிற்கும்போது. கோபம் வந்தது. வந்த கோபத்தோடு வண்டியின் மறுபக்கம் போய் நாடாப் பட்டையை அவிழ்க்க ஆரம்பித்தேன். "அடிப் பட்டை மொதல்ல மாமா" என்று அங்கிருந்தே அவள் அதட்டினாள். அடிப் பட்டையை முதலில் அவிழ்த்தேன்.